லிங்க் வகுப்புக்கு ஒரு கிளினிக்கைத் துணைக்குப் பிடிப்பது எப்படி?

கேட்டவர்: காலைவகுப்பு ரீச்சர், ஸ்காபரோ

எல்லாருக்கும் வணக்கம். லோறன்ஸ் அவெனியூப் பக்கம் காலை நேர லிங்க் வகுப்பு எடுக்கிறேன் (கனடாவுக்குப் புதிதாக வந்த பெரியவர்களுக்கு அரசு நடத்தும் இலவச ஆங்கில வகுப்பு). சி.எல்.பி. என்ற கனடிய மொழித்தர அளவில் 2, 3 இரண்டும் கலந்த, தொடக்கநிலை வகுப்பு. பிள்ளைகள் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்ட தமிழ் அம்மாமார், ஆப்கான் பெண்கள், சிரியாக் குடும்பங்கள், எல்லாருக்கும் முந்தி வந்து முன் கதிரையில் இருக்கும் ஒரு சீனத் தாத்தா. நல்ல கலகலப்பான கூட்டம்.

சிக்கல் என்னவென்றால் இடைவேளை. கோப்பிக்குப் போகாமல் வரிசையாக என் மேசைக்கு வருவார்கள், கையில் கடிதத்தோடு. கொலோனோஸ்கோபிக்கு (குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்பது) முதல் நாள் என்ன சாப்பிடலாம்? அப்பொயின்ற்மென்ற்றைத் தவறவிட்டால் காசு கட்டவேணும் என்று எழுதியிருக்கே, உண்மையா? தபாலில் ஒரு பெட்டி வந்திருக்கு, உள்ளே குச்சி வைத்த சின்னப் போத்தல், இதை என்ன செய்கிறது? (பெருங்குடல் புற்றுநோய்க்கான ஃபிட் பரிசோதனைப் பெட்டி. அந்த ஆன்ரி அதை இரண்டு மாதமாகக் குளியலறை அலுமாரியில் வைத்திருந்திருக்கிறா.) நான் மொழி படிப்பிக்கிறவள். மருந்துக்கு விளக்கம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பிழையாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டேன். ஒரு பெட்டி நிறையத் துண்டுப்பிரசுரம் அனுப்பினார்கள். என் வகுப்பில் அதை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். பிறகு தெரிந்தவர் மூலம் ஒரு டொக்டர் வந்தார். நல்ல மனுசன், காசு கூட வாங்கவில்லை. கொலஸ்ட்ரோலைப் பற்றி ஸ்லைட் போட்டுக் கதைத்தார். எல்லாரும் வடிவாகத் தலையாட்டினார்கள். அவர் கார் பார்க்கிங்கைத் தாண்டியிருக்க மாட்டார், "ரீச்சர், அவர் என்ன சொன்னவர்?" என்று கேட்டார்கள்.

அதனால்தான் இங்கே கேட்கிறேன். கிளினிக், பார்மசி, ஆஸ்பத்திரி என்று யாரோடு கைகோர்ப்பது? போய் என்னவென்று கேட்பது? எழுத்தில் ஒப்பந்தம் ஏதும் வேணுமா? எல்லாவற்றையும்விட, ஆக்கள் தங்கள் வருத்தத்தைப் பற்றி வகுப்பில் கதைக்க வெட்கப்படுகிறார்கள். முக்கியமாக எங்கட ஆக்கள். அதை எப்படிக் கையாளுவது?

---

பதில் 1: கனகாலத்து ரீச்சர்

தங்கச்சி (என்னைவிட மூத்தவர் என்றால் அக்கா என்று மாற்றி வாசியுங்கோ), டொக்டரை விடுங்கோ. நீங்கள் தேடவேண்டிய ஆள் கிளினிக்கின் முன்மேசையில் ரெலிபோன் எடுக்கிற பிள்ளை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கோ, உங்கட மாணவர்கள் டொக்டரோடு கதைக்கிறது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னம் ரெலிபோனில் "ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து", பிறகு பிறந்த திகதி, ஹெல்த் காட் நம்பர், வரும் காரணம், பிறகு மேசையில் ஒரு படிவம். பாதிப் பேர் அங்கேயே விழுந்துவிடுகிறார்கள். அதற்கு மேல் டொக்டர் எவ்வளவு தெளிவாகக் கதைத்தாலும் என்ன பயன்?

எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சமூக சுகாதார நிலையம் இருந்தது. வகுப்பு விளம்பரத்தைச் சுவரில் ஒட்டக் கேட்கலாம் என்று போனேன். எனக்கு முன்னால் ஒரு வயதானவர் நின்றார். மேசைப் பிள்ளை "வேர்ஷன் கோட்?" என்கிறாள். அவர் நம்பரைத் திரும்ப வாசிக்கிறார். அவள் இன்னும் சத்தமாக "வேர்ஷன் கோட்!" என்கிறாள். அவர் இன்னும் சத்தமாக நம்பரை வாசிக்கிறார். ஒன்ராறியோ ஹெல்த் காட்டில் 10 இலக்கத்துக்குப் பிறகு இரண்டு எழுத்து இருக்குமே, அதுதான் வேர்ஷன் கோட். அவருக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தப் பிள்ளைக்கும் ஒரு நாளைக்கு இப்படி எத்தனை பேரோ! என் முறை வந்ததும் விளம்பரத்தை மறந்துவிட்டு, "ஒருநாள் என் வகுப்புக்கு வந்து ரெலிபோன் எடுப்பீர்களா?" என்று கேட்டேன். முதலில் சிரித்தாள். மனேஜரைக் கேட்டாள். மனேஜருக்கு உடனே விளங்கியது. ஒரு அழைப்பில் இரண்டு நிமிடம் குறைந்தால் அவர்களுக்குத்தானே லாபம்.

அவள் வந்தபோது இரண்டு மேசையை முதுகுக்கு முதுகாகப் போட்டோம். ரெலிபோனில் முகம் தெரியாது, வாயசைவு தெரியாது, கை காட்ட முடியாது. வகுப்பில் நன்றாகக் கதைக்கிற ஆளும் ரெலிபோனில் தடுமாறுவது அதனால்தான். அவள் தன் வேலையில் கேட்கிற அதே கேள்விகளை அதே வேகத்தில் கேட்டாள். மெதுவாகக் கேட்காதே என்று நான்தான் சொல்லியிருந்தேன். மாணவர்கள் அன்று படித்தது இரண்டே விஷயம்: "கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கோ" என்று ரெலிபோனில் கேட்பது, தமிழிலோ ஆப்கான் ஆக்களின் டாரி மொழியிலோ மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று அப்பொயின்ற்மென்ற் எடுக்கும்போதே சொல்வது. கிளினிக் வாசலில் போய் நின்றபிறகு கேட்டால் பல இடங்களில் ஆள் கிடைக்காது.

அதைவிட ருசியான விஷயம், அவள் திரும்பக் கொண்டுபோனது. அவர்கள் கொடுக்கும் அப்பொயின்ற்மென்ற் துண்டில் 04/05 என்று எழுதுவார்கள். வகுப்பில் பாதிப் பேர் மே 4 என்றார்கள், மற்றவர்கள் ஏப்ரல் 5 என்றார்கள். யாழ்ப்பாணத்தில் நாளைத்தான் முன்னுக்கு எழுதுவோம். கனடாவில் இரண்டு மாதிரியும் எழுதுவார்கள், யார் எந்த மாதிரி என்று யாருக்கும் தெரியாது. அடுத்த கிழமையிலிருந்து அந்த நிலையத்தில் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதத் தொடங்கினார்கள். ஒரு கமிட்டி இல்லை, ஒரு அறிக்கை இல்லை. கூட்டு என்று நான் சொல்வது இதைத்தான். மாணவர் மட்டும் திருந்தவேணும் என்று நினைத்துக்கொண்டு வருகிற நிறுவனத்தோடு காலம் தள்ளமுடியாது. அவர்களும் தங்கள் பக்கத்தில் ஒன்றையாவது மாற்றத் தயாராக இருக்கவேணும்.

யாரிடம் போவது என்று கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் எங்கே தேவை இருக்கிறது என்று பாருங்கோ. சமூக சுகாதார நிலையங்களில் சுகாதார மேம்பாட்டுக்கென்றே ஆள் இருக்கும், டயட்டீஷியன் இருக்கும். மக்களிடம் போனோம் என்று அவர்கள் நிதி கொடுப்பவருக்குக் கணக்குக் காட்டவேணும், உங்களிடம் மக்கள் இருக்கிறார்கள். ஓஹிப் என்ற ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதி இல்லாதவர்களையும் அவர்கள் பார்ப்பார்கள், அது உங்கள் வகுப்புக்கு முக்கியம். நேர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்குச் சமூகத்தில் பயிற்சி செய்ய இடம் வேணும். கல்லூரியில் அந்தப் பயிற்சியை ஒழுங்குபடுத்துகிறவருக்கு ஒரு ஈமெயில் போட்டால் ஓடிவருவார்கள். நூலகத்தில் அறை சும்மா கிடைக்கும். பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளருக்கான கையேடு எழுதும் பகுதி ஒன்று இருக்கும். அவர்களிடம் "வந்து பேசுங்கோ" என்று கேட்கவேண்டாம். "உங்கட கையேட்டை அச்சடிக்க முதல் என் வகுப்பு வாசித்துப் பார்த்து எங்கே விளங்கவில்லை என்று சொல்லும்" என்று சொல்லுங்கோ. உங்களுக்கு அனுப்பின அந்தப் பெட்டிக்கு இதுதான் பதில். ஒரு துண்டை எடுத்து, விளங்காத இடமெல்லாம் மாணவர்களைக் கொண்டு கோடு போடுவித்து, அப்படியே திருப்பி அனுப்புங்கோ.

கோர்டினேற்றர் "இது மொழி வகுப்பு, சுகாதார வகுப்பு இல்லை" என்று இழுத்தால் பி.பி.எல்.ஏ. கோப்பை, அதுதான் மாணவர் செய்த வேலைகளைச் சேர்த்துவைத்து மதிப்பிடும் கோப்பை, காட்டுங்கோ. நிஜ வாழ்க்கை வேலைகளைத்தானே அதில் சேர்க்கச் சொல்கிறார்கள். மருந்து லேபல் வாசிப்பது வாசிப்புக்கு, கிளினிக்குக்கு ரெலிபோன் எடுப்பது பேச்சுக்கும் கேட்டலுக்கும், படிவம் நிரப்புவது எழுத்துக்கு. நாலு திறனும் வந்துவிட்டது. இன்னொன்று, லிங்க் வகுப்பில் கிழமைக்குக் கிழமை புது ஆக்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அதனால் ஆறு கிழமைத் தொடர் என்று கிளினிக்காரர் திட்டம் கொண்டுவந்தால் அன்பாக மறுத்துவிடுங்கோ. ஒவ்வொரு வகுப்பும் அன்றோடு முடியவேணும்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். யார் வருவது, எவ்வளவு நேரம், வராவிட்டால் யார் யாருக்குச் சொல்வது. அதில் கட்டாயம் இருக்கவேண்டியவை: வகுப்பில் யாருடைய ஹெல்த் காட் நம்பரும் எழுதப்படாது, யாரும் எதிலும் கையெழுத்து வைக்கக் கேட்கப்படாது, எந்தச் சாமானும் விற்கப்படாது, தன் வருத்தத்தைச் சொல்லவேணும் என்று யாரும் வற்புறுத்தப்படமாட்டார்கள்.

வெட்கத்தைப் பற்றி. இது வெட்கம் மட்டும் இல்லை, நியாயமான பயம். ஒரே கட்டிடத்தில் இருப்பவர்கள், ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். மகளுக்குக் கலியாணம் பேசும் நேரத்தில் தாய்க்கு மனச்சோர்வு மருந்து என்று வெளியே வந்தால் என்ன கதை வரும் என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் வகுப்புக்கென்று ஒரு நோயாளியை உண்டாக்கினோம். பெயர் மிஸஸ் பீ. ஐம்பத்தெட்டு வயது, சீனி வருத்தம், பிறசர், முழங்கால் நோ, சொல்கேளாத மருமகன் எல்லாம் உண்டு. யாருக்கு என்ன கேட்கவேணுமோ மிஸஸ் பீக்கு வந்ததாகக் கேட்பார்கள். அந்த மனுசிக்கு வராத வருத்தம் இல்லை! வாசலில் ஒரு பெட்டியும் வைத்தோம், எந்த மொழியிலும் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம். மார்புப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண் நேர்ஸ்தான் இருப்பாவா என்ற கேள்வி, மாதவிடாய் நின்றபிறகு இரத்தம் போவது, புருசன் அடிக்கிறது, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் வந்தது. கடைசியாகச் சொன்னதுக்கு அடுத்த நாளே குடியேற்றச் சேவை ஆளைக் கூப்பிடவேண்டியிருந்தது. அதனால் பெட்டி வைக்க முதலே அப்படியொரு ஆளின் நம்பரைக் கையில் வைத்திருங்கோ.

தமிழ் ஆளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்தான் நல்லது என்று எல்லா நேரமும் நினைக்கவேண்டாம். நேரில் வருகிறவர் தெரிந்த ஆளாக இருந்துவிட்டால் வாய் திறக்காது. ரெலிபோனில் முகம் தெரியாத ஒருவர் வருவதைக் கேட்டு வாங்கலாம் என்று சொல்லிக்கொடுங்கோ.

---

பதில் 2: குளிசைக் கடைக்காரன், மார்க்கம்

நான் பார்மசிஸ்ட். ரீச்சர் அக்கா சொன்னதெல்லாம் சரி. என் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

2006இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. மூன்று ஊர்களில் 395 நோயாளிகள், எல்லாரும் ஆங்கிலம் பேசுகிறவர்கள். ஒரு நாளைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் இரண்டு குளிசை என்ற லேபலைக் கொடுத்தார்கள். எழுத்தறிவு குறைந்தவர்களில் 70.7 சதவீதம் பேர் அதைச் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை குளிசை என்று எடுத்துக் காட்டச் சொன்னபோது சரியாகக் காட்டியது 34.7 சதவீதம். இங்கிலீஷ் பிறப்பிலேயே வந்தவர்களுக்கே இந்த நிலை. ஆகவே "விளங்கினதா?" என்று கேட்டு "ஓம்" வாங்கிக்கொண்டு போகவேண்டாம். செய்து காட்டச் சொல்லுங்கோ.

நான் வகுப்புக்குப் போகும்போது கடலைப் பருப்பும், கிழமை முழுக்க மருந்து போட்டுவைக்கிற பிளாஸ்டிக் பெட்டிகளும், வெறும் போத்தலில் ஒட்டிய லேபல்களும் கொண்டுபோவேன். லேபலை வாசித்துப் பெட்டியை நிரப்பவேணும். "சாப்பாட்டோடு" என்றதும் சண்டை தொடங்கும். காலையில் தேத்தண்ணி மட்டும் குடிக்கிறவருக்கு எது சாப்பாடு? அந்தச் சண்டைதான் பாடம். பாணி மருந்துக்கு 5 மில்லிலீற்றர் என்றிருந்தால் வீட்டுத் தேக்கரண்டியை எடுக்கவேண்டாம், கடையில் மருந்துச் சிரிஞ்ச் சும்மா தருவோம், கேளுங்கோ.

இரண்டு விஷயம் எங்கட ஆக்களுக்குக் கட்டாயம் சொல்லவேணும். ஊரிலிருந்து கொண்டுவந்த பனடோலும் இங்கே வாங்கும் டைலனோலும் ஒரே மருந்து. தடிமனுக்கு வாங்குகிற பல கலவை மருந்துகளிலும் அதுவே இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் போட்டால் ஈரலுக்குக் கூடாது. அடுத்தது இரத்தத்தில் சீனி அளவு. இரண்டு நாட்டிலும் அளக்கும் அலகு வேறு. இலங்கையில் 126 என்றால் இங்கே 7. அங்கத்தைய கணக்கை 18ஆல் பிரித்தால் இங்கத்தையது வரும். சாப்பிடாமல் பார்த்து 9 என்று வந்ததைப் பார்த்து "ஒற்றை இலக்கம்தானே, சீனியே இல்லை" என்று சந்தோசமாக மருந்தை நிறுத்திய ஒருவர் என் கடைக்கு வந்திருக்கிறார். இங்கே 9 என்றால் அங்கே 162. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி மட்டும் இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரிச் சதவீதத்தில் வரும். அந்த நம்பரை நினைவில் வைக்கச் சொல்லுங்கோ.

பார்மசியால் இன்னும் என்ன கிடைக்கும் என்று பலருக்குத் தெரியாது. நாட்பட்ட வருத்தத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ மருந்து எடுக்கிறவர்களோடு, அல்லது நீரிழிவு இருப்பவரோடு, வருடத்துக்கு ஒருமுறை இருந்து எல்லா மருந்தையும் பார்க்கும் மெட்ஸ்செக் என்ற இலவசச் சேவை இருக்கு. 2023 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் சில சின்ன வருத்தங்களுக்கு நாங்களே மருந்து எழுதலாம். முதலில் 13, அதே வருடம் ஒக்டோபரில் 19 ஆனது. கண் சிவப்பதற்கும் பூச்சிக்கடிக்கும் வோக்-இன் கிளினிக்கில் மூன்று மணித்தியாலம் காயத் தேவையில்லை.

உண்மையைச் சொன்னால், சில கடைக்காரர் வகுப்புக்கு வருவதே வாடிக்கையாளர் பிடிக்கத்தான். "உங்கட மருந்தை எங்கட கடைக்கு மாத்துங்கோ" என்று ஃபோமோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கோ. நான் கடைப் பெயர் இல்லாத சட்டையோடுதான் போவேன்.

---

பதில் 3: வவுனியா அம்மா

நான் ரீச்சர் இல்லை, படிக்கிற ஆள். பேரப்பிள்ளை தமிழ் கீபோட் போட்டுத் தந்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

பிள்ளையள், எங்களுக்கு வருத்தத்தைப் பற்றித் தெரியாது எண்டு நினையாதேங்கோ. நான் நாலு பிள்ளை பெத்தனான், மாமியைப் படுக்கையில பத்து வருசம் பாத்தனான், சண்டை நேரம் காயப்பட்ட ஆக்களுக்கு மருந்து கட்டினனான். எனக்குத் தெரியாதது இங்கத்தைய ஒழுங்கு. எதுக்கு பாமிலி டொக்டர், எதுக்கு எமேர்ஜென்சி, எதுக்கு 811 எண்ட நம்பர். 811க்கு எடுத்தா எந்த நேரமும் ஒரு நேர்ஸ் கதைப்பா, தமிழ் ஆளும் எடுத்துத் தருவினம் எண்டு எனக்கு வகுப்பிலதான் தெரிய வந்தது. அதுக்கு முந்தி ராவிலை ஏதும் எண்டா மகன்ரை கதவைத் தட்டுறது. அவன் விடிய வேலைக்குப் போறவன்.

எங்கட வகுப்புக்கு முதல்ல வந்த சாப்பாட்டு ரீச்சர் ஒரு பிளேட் படம் காட்டினவ. அரைவாசி பச்சைப் பூக்கோவா, மிச்சம் கோழி, ஒரு கரண்டி பிரவுண் சோறு. எல்லாரும் பாத்துக்கொண்டு இருந்தம். எங்கட ரீச்சர் கெட்டிக்காரி, அவவை இன்னொருக்கா வரச்சொல்லி, எங்களை நாங்கள் சாப்பிடுறதைக் கொண்டுவரச் சொன்னவ. நான் புட்டு, ஆப்கான் பிள்ளை 'நான்' எண்ட ரொட்டி, சீன ஐயா கஞ்சி. அந்த டயட்டீஷியன் கோப்பையால புட்டை அளந்து பாத்து, பிறகு எனக்குச் சொன்னா, புட்டு விடவேண்டாம், இவ்வளவுதான், அதோட முட்டையோ பயறோ, வாழைப்பழம் அதோட வேண்டாம், பிறகு தனிய. இப்ப அந்தக் கோப்பையைத்தான் வீட்டில வைச்சிருக்கிறன்.

நோன்பு நேரம் சீனிக் குளிசையை எப்ப போடுறது எண்டு ஆப்கான் பிள்ளையள் கேட்டவை. அந்த டயட்டீஷியன் நல்ல கேள்வி எண்டு எழுதிக்கொண்டு போய், நோன்பு துவங்க முந்தியே டொக்டரோட கதைக்கோணும் எண்டு பதில் கொண்டுவந்தவ. எங்கட கந்தசட்டிக்கும் அதுதானாம். ஆறு நாள் விரதம் பிடிக்கிற எங்கட மனுசிமாருக்கு ஆர் இதைச் சொல்லுறது?

இன்னொண்டு. குழந்தைப் பிள்ளைக்குக் கதைக்கிற மாதிரி எங்களோட கதைக்கிற ஆக்களைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ.

---

பதில் 4: எடிசன் நூலகம், நியூ ஜெர்சி

அம்மா எழுதியதை என் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். நாங்கள் இங்கே நூலகத்தில் வயது வந்தோருக்கு ஆங்கில உரையாடல் வகுப்பு நடத்துகிறோம். ஸ்பானிஷ், குஜராத்தி, சீனம் பேசுபவர்கள் அதிகம். அமெரிக்கப் பக்கம் உள்ளவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

2003இல் இங்கே தேசிய அளவில் வயது வந்தோரின் எழுத்தறிவை அளந்தார்கள். மருத்துவத் தகவலைக் கையாள்வதில் முழுத் தேர்ச்சி என்று வந்தது 12 சதவீதம் பேர். 36 சதவீதம் பேர் அடிப்படை நிலையிலோ அதற்கும் கீழேயோ இருந்தார்கள். பிறகு 2020இல் வெளியான 'ஹெல்தி பீப்பிள் 2030' அரசுத் திட்டத்தில் சுகாதார எழுத்தறிவை இரண்டாகப் பிரித்தார்கள், தனிமனிதருக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று. ரீச்சரம்மா சொன்ன 04/05 கதை இரண்டாவது வகை. கிளினிக்கோடு பேசும்போது இதை எடுத்துச் சொன்னால் மரியாதையாகக் கேட்கிறார்கள், அரசு ஆவணத்தில் இருக்கிறதல்லவா!

எங்களுக்கு நல்ல கூட்டாளியாக அமைந்தது மத்திய அரசின் நிதி பெறும் சமூக சுகாதார மையம். அந்த மையங்களின் நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீதம் பேர் அங்கே சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் மாணவி ஒருவரை அந்தக் குழுவுக்குப் போகச் சொல்லி ஊக்கப்படுத்தினோம். பெரிய பெரிய அறிக்கைகளோடு போராடினார், விடவில்லை. இப்போது கூட்டத்தில் அவர் "புரியவில்லை" என்று சொன்னால் எல்லாரும் நிறுத்தி விளக்க வேண்டியிருக்கிறது.

செய்துபார்க்கக் கூடிய ஒன்று: வகுப்பையே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து தொடங்கி, வாசல், பதிவு, ரத்தம் எடுக்கும் இடம், மருந்து வாங்கும் இடம் வரை நடந்து, எந்த அறிவிப்புப் பலகை புரியவில்லை என்று குறித்துவரச் சொல்லுங்கள். கூடவே ஒரு கிளினிக் ஊழியரும் நடக்க வேண்டும். அவர் இல்லாமல் நடந்தால் அது வெறும் சுற்றுலா.

குழந்தைகளை மொழிபெயர்க்க வைப்பது பற்றியும் பேசுங்கள். ஒபாமா காலத்து மருத்துவச் சட்டத்தின் 1557ஆம் பிரிவுப்படி, அரசு நிதி பெறும் மருத்துவ இடங்கள் அவசர நிலை தவிர வேறு நேரத்தில் சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் மாணவர்களில் பலர் இதைக் கேட்டதே இல்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் அம்மாவின் கட்டியைப் பற்றிப் பேச வைக்கும் கொடுமை இன்னும் நடக்கிறது.

---

காலைவகுப்பு ரீச்சர் மீண்டும்:

நன்றி எல்லாருக்கும். வவுனியா அம்மா, உங்களை என் வகுப்புக்கு ஒருநாள் கூப்பிடலாமா? மிஸஸ் பீயை நான் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் என் வகுப்பில் அவவுக்கு மருமகள்தான் இருப்பா.

இரண்டு சந்தேகம். என் வகுப்பில் சில பேர் கனடியக் குடியுரிமை எடுத்துவிட்டார்கள் என்று போன கிழமைதான் தெரிந்தது, அவர்களை லிங்க்கில் வைத்திருக்க முடியாது என்கிறார்கள். சரியாக அவர்கள்தான் வயதானவர்கள், கடிதம் அதிகம் வருகிறவர்கள். மற்றது, இதெல்லாம் பயன்பட்டதா என்று கோர்டினேற்றர் கேட்பார். என்ன காட்டுவது?

---

கனகாலத்து ரீச்சர்:

குடியுரிமை எடுத்தவர்களை மாகாணத்தின் நிதியில் பள்ளிச்சபைகள் நடத்தும் ஈ.எஸ்.எல். வகுப்புக்கு மாற்றிவிடலாம், அங்கே குடியுரிமை ஒரு தடை இல்லை. ஆனபடியால் கிளினிக்கோடு பேசும்போது உங்கள் வகுப்பின் பெயரில் மட்டும் பேசாதேயுங்கோ. பக்கத்து ஈ.எஸ்.எல். ரீச்சரையும் கூட்டிக்கொண்டு போங்கோ. நிதி குறைத்து லிங்க் வகுப்புகள் மூடுகிற காலம் இது. உங்கள் வகுப்பு நாளைக்கு இல்லாமல் போனாலும் அந்தத் தொடர்பு மற்றவரிடம் இருக்கும்.

காட்டுவதற்குப் பரீட்சை வைக்கவேண்டாம். இடைவேளையில் உங்கள் மேசைக்கு வரும் கடிதங்களை ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு வாருங்கோ, பெயர் இல்லாமல், என்ன வகைக் கடிதம் என்று மட்டும். வகுப்புக்கு முன்னம் ஒரு மாதம், பின்னம் ஒரு மாதம். கடிதம் குறையாது, கேள்வி மாறும். "இது என்ன?" என்பது போய் "நான் இப்படி எடுத்துச் சொன்னனான், சரியா?" என்று வரும். கிளினிக் மனேஜரிடமும் ஒன்று கேளுங்கோ: மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்கிறவர்கள் கூடியிருக்கிறார்களா என்று. அது அவர்களிடம் பதிவில் இருக்கும், கோர்டினேற்றருக்கும் நம்பர் பிடிக்கும்.

போய்க் கேட்பதற்குத் திங்கட்கிழமை காலை வேண்டாம், ரெலிபோன் அலறும். ஒக்டோபரில் ஃப்ளூக் காய்ச்சல் தடுப்பூசி தொடங்கிவிட்டால் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. புதன் வியாழனில் மத்தியானம் தாண்டிப் போங்கோ. போகும்போது அந்த ஃபிட் பெட்டியை, ஆன்ரி சம்மதித்தால், கையோடு கொண்டுபோங்கோ. "இதைப் பன்னிரண்டு பேருக்கு விளங்கப்படுத்த வருவீர்களா?" என்று கேட்டால் மறுக்கிற நேர்ஸை நான் இன்னும் காணவில்லை.